ஈழப் போர் எதிர்ப்பு இயக்கமும் சென்னைத் தென்புறநகரும் (2008–2013): வரலாறும் விளைவும்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையில் இறுதிக்கட்டப் போர் நடைபெற்ற 2008–2009ஆம் ஆண்டுகளில் தமிழகத்தில் போர்நிறுத்தம் கோரி எழுந்த மக்கள் இயக்கம் தன் உடனடி நோக்கத்தில் தோல்வியடைந்தது. எனினும் அவ்வியக்கம் 2009 மே மாதத்தோடு முடிந்துவிடவில்லை. நடுவண் அரசிடம் வேண்டுகோள் விடுத்த நிலையிலிருந்து, தமிழக மண்ணில் போர்ப்படைக்கு ஒத்துழைப்பு மறுக்கும் நிலைக்கு அது நகர்ந்தது. இந்த நகர்வின் முதன்மையான கட்டங்கள் சில சென்னையின் தென்புறநகர்ச் சாலையோரத்தில் நிகழ்ந்தவை. மறைமலைநகர், செங்கல்பட்டு, தாம்பரம் ஆகிய இடங்களின் நிகழ்வுகளை முன்வைத்து, இயக்கத்தின் வரலாற்றையும் ஒத்துழைப்பு மறுப்பு தன் அறவெல்லையைக் கடந்த தருணத்தையும் பின்னாளைய விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: போர் எதிர்ப்பு, ஈழம், தாம்பரம் விமானப்படைத் தளம், ஒத்துழைப்பு மறுப்பு, மாணவர் போராட்டம், கூட்டாட்சி.

1. முன்னுரை

போர் எதிர்ப்பு இயக்கங்களை அவை தோன்றும் இடத்தைக் கொண்டு இருவகைப்படுத்துவது வழக்கம். போரை நடத்தும் நாட்டின் குடிமக்கள் தம் அரசை எதிர்ப்பது முதல்வகை. வியட்நாம் போருக்கு எதிராக அமெரிக்க மாணவர்கள் நடத்திய போராட்டங்கள் இதற்குச் சான்று. போருக்கு வெளியே உள்ள நாடுகளின் மக்கள் தம் மனச்சான்றை வெளிப்படுத்துவது இரண்டாம் வகை. அமெரிக்கத் துணைத் தூதரகம் அமைந்துள்ள கொல்கத்தாத் தெருவுக்கு ஹோ சி மின் பெயர் சூட்டப்பட்டமை இவ்வகை உணர்வின் அடையாளம். 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக உலக நகரங்களில் மக்கள் திரண்டபோது இவ்விரு வகைகளும் ஒரே நாளில் இணைந்தன. ஆயினும் அடுத்த மாதமே போர் தொடங்கிவிட்டது.

தமிழகத்தில் 2008இல் எழுந்த இயக்கம் இவ்விரு வகைகளிலும் முழுமையாக அடங்குவதில்லை. போரை நடத்தியது வேறொரு நாட்டின் அரசு. ஆனால் அவ்வரசுக்கு இந்திய அரசு படைத்துறை உதவியும் பயிற்சியும் அளிக்கிறது என்பதே போராடியவர்களின் முதன்மைக் குற்றச்சாட்டு. பாதிக்கப்பட்டோர் மொழியாலும் உறவாலும் போராடியோருக்கு நெருங்கியவர்கள். போராடியோர் வாழ்ந்த மாநில அரசுக்கோ வெளியுறவில் அதிகாரம் எதுவும் இல்லை. இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் முதலாவது பதிவு நாட்டின் பாதுகாப்பையும், 10ஆவது பதிவு வெளிநாட்டு விவகாரங்களையும், 15ஆவது பதிவு போரையும் அமைதியையும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்திற்கு உரியவையாக்குகின்றன. எனவே மாநிலத்தின் மக்கள் ஒரு போரை எதிர்க்க முனையும்போது யாரிடம், எந்த இடத்தில் எதிர்ப்பது என்னும் வினா முதலிலேயே எழுகிறது. இவ்வினாவுக்கு இயக்கம் ஐந்தாண்டுக் காலத்தில் அளித்த வெவ்வேறு விடைகளே அதன் வரலாறு.

அவ்விடைகளுள் பல, சென்னையிலிருந்து பல்லாவரம், தாம்பரம், மறைமலைநகர் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி நிகழ்ந்தன. இச்சாலைக்குக் கிழக்கே கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை முதலிய ஊர்கள் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த கிராமங்களாக இருந்து, இரண்டு தலைமுறைக்குள் அடர்ந்த குடியிருப்புகளாக மாறியவை. தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வருவோர் தலைநகருக்குள் நுழையும் வாயிலும் இதுவே. தலைமைச் செயலகமும் தூதரகங்களும் இல்லாத இப்புறநகர்ப் பகுதி, அயலகப் போர் ஒன்றின் எதிர்ப்புக் களமாக மாறியமை ஆராயத்தக்கது.

2. முன்வரலாறு

1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறை தமிழகத்தை உலுக்கியது. ஆகஸ்டு 2 அன்று மாநிலம் தழுவிய முழு அடைப்பு நடைபெற்றது. அதே மாதத்தில் மு. கருணாநிதியும் க. அன்பழகனும் இலங்கைத் தமிழர் சிக்கலை முன்வைத்துச் சட்டமன்ற உறுப்பினர் பதவிகளைத் துறந்தனர். 1985இல் தமிழீழ ஆதரவாளர் அமைப்பு (டெசோ) உருவானது. இக்காலப் போராட்டங்கள் ஈழ விடுதலைக்கான ஆதரவு இயக்கமாகவே தம்மை அடையாளப்படுத்திக்கொண்டன. படைத்துறைத் தலையீட்டைக் கோரிய குரல்களும் அவற்றில் இருந்தன. ஆகவே அவற்றைப் போர் எதிர்ப்பு இயக்கம் எனக் கூறுவது பொருந்தாது.

1987 ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்வழிச் சென்ற இந்திய அமைதி காக்கும் படை அவ்வாண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கியபோது நிலைமை மாறியது. இந்தியப் படைக்கும் தமிழர் அமைப்பு ஒன்றுக்கும் இடையிலான அப்போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினரும் ஈழத்துப் பொதுமக்கள் பலரும் உயிரிழந்தனர். 1990 மார்ச்சில் அப்படை சென்னைத் துறைமுகம் வந்திறங்கியபோது வரவேற்பு நிகழ்வில் முதலமைச்சர் கருணாநிதி கலந்துகொள்ளவில்லை. வெளியுறவில் அதிகாரமற்ற ஒரு மாநில அரசின் தலைவர், வராமலிருப்பதன் மூலமே தம் மறுப்பைத் தெரிவித்தார். ஒத்துழைப்பு மறுப்பு என்னும் வடிவத்தின் முன்னோடியாக இதனைக் கொள்ளலாம்.

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தென்புறநகருக்கு மேற்கே, தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ ஒருமணி நேரப் பயணத்தில் அடையத்தக்க ஊர் அது. 1992 மே மாதத்தில் விடுதலைப் புலிகள் இயக்கம் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஈழம் பற்றிய பொதுப்பேச்சு தமிழகத்தில் ஐயத்திற்குரியதாகவே இருந்தது. 2002 ஜூலையில் வைகோ ஒரு பொதுக்கூட்டப் பேச்சுக்காகப் பொடா சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டார். 2003 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தின் தொடர்புடைய பிரிவுகளுக்குக் குற்ற நோக்கம் இன்றியமையாதது என விளக்கிய பின்னரே பேச்சுக்கான வெளி ஓரளவு விரிந்தது. 2008இல் எழுந்த இயக்கம் இந்தத் தடையின் நிழலிலேயே தன் முழக்கத்தைத் தேர்ந்தது. ‘ஈழத்தை ஆதரிப்போம்’ என்பதைவிடப் ‘போரை நிறுத்து’ என்னும் கோரிக்கை அதன் முன்னணிக்கு வந்தமைக்குப் பொதுமக்களின் உயிரிழப்பும் இச்சட்டச் சூழலும் ஒருசேரக் காரணமாயின.

3. வேண்டுகோள் காலம்: அக்டோபர் 2008 – ஜனவரி 2009

2002 பிப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாட்டிலிருந்து இலங்கை அரசு 2008 ஜனவரியில் முறைப்படி விலகியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் போர் கிளிநொச்சியை நெருங்கியபோது தமிழகத்தில் எதிர்ப்பு திரளத் தொடங்கியது. அக்டோபர் 2, காந்தி பிறந்தநாளில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி மாநிலமெங்கும் உண்ணாநிலை மேற்கொண்டது. அக்டோபர் 14 அன்று முதலமைச்சர் கருணாநிதி தலைமையில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டம், இரு வாரங்களுக்குள் போர்நிறுத்தம் ஏற்பட இந்திய அரசு ஆவன செய்யாவிடில் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவி விலகுவர் என அறிவித்தது. தி.மு.க. உறுப்பினர்கள் பதவி விலகல் கடிதங்களைக் கட்சித் தலைமையிடம் அளித்தனர். அக்டோபர் 19 அன்று திரைத்துறையினர் இராமேசுவரத்தில் பேரணி நடத்தினர். அங்கு ஆற்றிய உரைகளுக்காக இயக்குநர்கள் சீமானும் அமீரும் கைதாயினர். வைகோவும் அதே வாரத்தில் கைதுசெய்யப்பட்டார்.

அக்டோபர் 24 அன்று சென்னையிலிருந்து தெற்கே புறநகர்ச் சாலை நெடுகக் கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி அமைக்கப்பட்டது. தலைநகரின் நடுவே ஓரிடத்தில் கூடும் பேரணியைவிட, சாலையோரத்து ஊர்களின் மக்கள் தத்தம் ஊர் எல்லையில் நின்று கைகோத்த இவ்வடிவம் புறநகரை இயக்கத்தின் வரைபடத்திற்குள் கொண்டுவந்தது. எனினும் இதை ஒருங்கிணைத்தவை ஆளுங்கட்சியும் அதன் தோழமைக் கட்சிகளுமே. மாநில அரசும் மக்களும் ஒரே வரிசையில் நின்று நடுவண் அரசை நோக்கிக் கோரிக்கை வைத்த காலம் அது.

அக்காலம் இரண்டே நாளில் திரும்பியது. அக்டோபர் 26 அன்று இலங்கை அதிபரின் தூதராகப் பசில் ராஜபக்ச தில்லியில் பிரணாப் முகர்ஜியைச் சந்தித்தார். முகர்ஜி அன்றே சென்னை வந்து கருணாநிதியிடம் பேசினார். 800 டன் நிவாரணப் பொருள்கள் அனுப்பப்படும் என்னும் அறிவிப்போடு பதவி விலகல் முடிவு கைவிடப்பட்டது. நவம்பர் 12 அன்று சட்டமன்றம் போர்நிறுத்தம் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பரில் அனைத்துக் கட்சிக் குழு பிரதமர் மன்மோகன் சிங்கைச் சந்தித்தது. 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி வீழ்ந்தது. ஜனவரி 23 அன்று சட்டமன்றம் ‘இறுதி வேண்டுகோள்’ என்னும் பெயரில் மீண்டும் ஒரு தீர்மானம் இயற்றியது.

வேண்டுகோள் என்னும் வடிவத்தின் எல்லை இங்கே புலப்படுகிறது. நடுவண் அரசு மாநிலத்தின் கோரிக்கையை வெளிப்படையாக மறுக்கவில்லை. சந்திப்பு, நிவாரணம், உறுதிமொழி ஆகியவற்றின் வழியாக அதனைத் தணித்தது. போர்க்களத்தின் நிகழ்வுகளோ வாரக்கணக்கில் முன்னேறின. கோரிக்கையின் காலமும் போரின் காலமும் பொருந்தவில்லை.

4. பெருஞ்சாலையும் நீதிமன்றமும்: ஜனவரி – மே 2009

கட்சிகளின் கூட்டு வேண்டுகோள் தளர்ந்த இடத்தில் உண்ணாநிலைப் போராட்டங்கள் தோன்றின. 2009 ஜனவரி 15 அன்று விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் மறைமலைநகரில் காலவரையற்ற உண்ணாநிலையைத் தொடங்கி நான்காம் நாளில் முடித்துக்கொண்டார். பொங்கல் விடுமுறைக்குத் தென் மாவட்டங்களுக்குச் சென்று திரும்பும் கூட்டம் கடக்கும் சாலை அது. ஜனவரி பிற்பகுதியில் செங்கல்பட்டு அரசு சட்டக் கல்லூரி மாணவர்கள் சாகும்வரை உண்ணாநிலை தொடங்கினர். இவ்விரண்டாம் நிகழ்வு வரலாற்று நோக்கில் மிக முக்கியமானது. கட்சித் தலைமையின் அழைப்பின்றி மாணவர்கள் தாமே தொடங்கிய போராட்டம் என்பதால், 2013இல் உருப்பெற்ற மாணவர் எழுச்சியின் வித்து இதில் இருந்தது எனலாம்.

ஜனவரி 29 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் நடுவண் அரசு அலுவலகங்கள் இயங்கும் சாஸ்திரி பவன் முன்பு, இதழியல் பணியாளரான இளைஞர் கு. முத்துக்குமார் தீக்குளித்து இறந்தார். அவர் விட்டுச்சென்ற நீண்ட அறிக்கை கட்சித் தலைமைகளைக் கடந்து மாணவர்களையும் இளைஞர்களையும் விளித்தது. ஜனவரி 31 அன்று கொளத்தூரிலிருந்து மூலக்கொத்தளம் வரை சென்ற இறுதி ஊர்வலத்தில் பெருந்திரளான மக்கள் பங்கேற்றனர். அரசு கல்லூரிகளையும் விடுதிகளையும் காலவரையின்றி மூட ஆணையிட்டது. அவரைத் தொடர்ந்து தமிழகத்தில் பலர் இவ்வாறே உயிர்துறந்தனர். பிப்ரவரி 12 அன்று ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் வளாகத்தின் முன் புலம்பெயர் தமிழரான முருகதாசன் தீக்குளித்தார்.

இவ்விறப்புகளை இயக்கத்தின் ஈகமாகப் போற்றும் எழுத்துகள் மிகுதி. ஆனால் உயிரிழப்பை நிறுத்தக் கோரும் இயக்கம் தன் இளைஞர்களின் உயிரிழப்பால் வளர்வது ஆழ்ந்த முரணாகும். பழ. நெடுமாறன் உள்ளிட்ட தலைவர்கள் இளைஞர்கள் இவ்வழியை நாட வேண்டாம் என வேண்டினர். அதே நேரத்தில் ஒவ்வொரு இறுதி ஊர்வலமும் மேடையாயிற்று. இம்முரணை இயக்கம் தன்னுள் தீர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஜனவரி இறுதியில் நெடுமாறனை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டு இலங்கைத் தமிழர் பாதுகாப்பு இயக்கம் உருவானது. பா.ம.க., ம.தி.மு.க., விடுதலைச் சிறுத்தைகள், இந்திய கம்யூனிஸ்ட் கட்சி ஆகியவை அதில் இணைந்தன. பிப்ரவரி 4, இலங்கையின் விடுதலை நாளன்று அது பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பில் ஈடுபட்டிருந்தனர். பிப்ரவரி 17 அன்று நீதிமன்ற அறையிலேயே சுப்பிரமணியன் சுவாமி தாக்கப்பட்டார். பிப்ரவரி 19 அன்று நீதிமன்ற வளாகத்தில் காவல்துறையினர் நடத்திய தடியடியில் வழக்கறிஞர்களும் நீதிபதி ஒருவரும் காயமுற்றனர். உச்சநீதிமன்றம் இதனை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணாவை அமர்த்தியது. போரை எதிர்த்து எழுந்த புறக்கணிப்பு, சில நாள்களில் காவல்துறைக்கும் வழக்கறிஞர்களுக்கும் இடையிலான மோதலாகச் சுருங்கியது. வன்னியில் நிகழ்ந்துகொண்டிருந்தவை அம்மோதலின் செய்திகளுக்குப் பின்னே தள்ளப்பட்டன.

ஏப்ரல் 27 அன்று கருணாநிதி அண்ணா நினைவிடத்தில் உண்ணாநிலை தொடங்கினார். கனரக ஆயுதங்களின் பயன்பாட்டை நிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்ததை அடுத்து நண்பகலில் அதனை முடித்தார். அதன் பின்னரும் போர் மூன்று வாரங்கள் நீடித்தது. இலண்டனில் ஏப்ரல் 6 முதல் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் தொடர் போராட்டம் நடத்தினர். மே 10 அன்று டொராண்டோவில் நகரின் முதன்மை விரைவுச்சாலையை மறித்தனர். முள்ளிவாய்க்காலில் மே 18–19 நாள்களில் போர் முடிவுக்கு வந்தது.

5. தேர்தல் முடிவும் அதன் பாடமும்

தமிழகத்தில் மக்களவைத் தேர்தல் 2009 மே 13 அன்று, அதாவது போரின் இறுதி வாரத்தில் நடைபெற்றது. 39 தொகுதிகளில் தி.மு.க.–காங்கிரசு அணி 27 இடங்களையும் அ.தி.மு.க. அணி 12 இடங்களையும் பெற்றன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விடுதலைப் புலிகளைக் கடுமையாக எதிர்த்துவந்த ஜெ. ஜெயலலிதா, ஏப்ரல் இறுதியில் தனி ஈழமே தீர்வு எனப் பரப்புரை செய்தார். பாதுகாப்பு இயக்கத்தில் இணைந்திருந்த கட்சிகள் இரு அணிகளிலும் பிரிந்து நின்றன.

தென்புறநகரின் முடிவுகள் இதனை நுட்பமாகக் காட்டுகின்றன. தாம்பரமும் பல்லாவரமும் அடங்கிய திருப்பெரும்புதூர்த் தொகுதியில் தி.மு.க.வின் டி.ஆர். பாலு வென்றார். கோவிலம்பாக்கம் அடங்கிய சோழிங்கநல்லூர்ச் சட்டமன்றத் தொகுதி இடம்பெற்ற தென்சென்னை மக்களவைத் தொகுதியில் அ.தி.மு.க.வின் சி. இராஜேந்திரன் வென்றார். ஒரே சாலையில் கைகோத்து நின்ற அண்டை ஊர்கள் எதிரெதிர் அணிகளைத் தேர்ந்தன. போர் பற்றிய உணர்வு வாக்காக மாறவில்லை என்பதை மட்டுமே இதிலிருந்து முடிவுசெய்ய இயலும். அவ்வுணர்வு இல்லை என முடிவுசெய்ய இயலாது. வாக்காளருக்கு முன் போர்நிறுத்தம் என்பது இரு அணிகளும் ஒப்புக்கொண்ட கோரிக்கையாக இருந்ததால், அதனை அளவுகோலாகக் கொண்டு தெரிவு செய்ய வாய்ப்பில்லை. இயக்கம் கட்சிகளின் வழியே தன்னை வெளிப்படுத்தும் காலம் இத்தேர்தலோடு ஏறத்தாழ முடிந்தது.

6. தாம்பரம், 2012: வேண்டுகோளிலிருந்து மறுப்புக்கு

போர் முடிந்தபின் இயக்கத்தின் கோரிக்கை மாறியது. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை 2011 ஏப்ரலில் வெளியானது. போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்னும் மதிப்பீட்டை அது குறிப்பிட்டது. அரசுப் படையின் எறிகணை வீச்சையும், மக்களை வெளியேற விடாது தடுத்துவைத்த விடுதலைப் புலிகளின் செயலையும் அவ்வறிக்கை குற்றஞ்சாட்டியது. ஜூன் 8 அன்று தமிழகச் சட்டமன்றம் இலங்கைமீது பொருளாதாரத் தடை கோரித் தீர்மானம் இயற்றியது. 2012 மார்ச் 22 அன்று ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை குறித்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ‘போரை நிறுத்து’ என்னும் முழக்கம் ‘போருக்குப் பொறுப்பேற்கச் செய்’ என மாறியது.

இச்சூழலில், 2012 ஜூலைத் தொடக்கத்தில், தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் பயிற்சி பெறுவது வெளியே தெரிந்தது. முதலமைச்சர் ஜெயலலிதா இதனைக் கண்டித்து அவர்களைத் திருப்பி அனுப்புமாறு கோரினார். கருணாநிதி, வைகோ, இராமதாசு முதலிய தலைவர்களும் தமிழ் அமைப்புகளும் கண்டித்தனர். அடுத்த சில நாள்களுக்குள் அவர்கள் பெங்களூருக்கு அருகில் உள்ள எலகங்கா விமானப்படைத் தளத்திற்கு மாற்றப்பட்டனர். மாற்றினால் போதாது, இலங்கைக்கே அனுப்ப வேண்டும் என முதலமைச்சர் மீண்டும் வலியுறுத்தினார். பின்னர் நீலகிரி மாவட்டம் வெலிங்டன் படைக் கல்லூரியில் பயின்ற இலங்கை அதிகாரிகள் குறித்தும் இதே எதிர்ப்பு எழுந்தது.

அளவில் இந்நிகழ்வு சிறியது. ஒன்பது பேரின் பயிற்சி ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறியதே அதன் நேரடி விளைவு. எனினும் இயக்கத்தின் வரலாற்றில் அதன் இடம் பெரிது. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, 2008இன் தீர்மானங்களும் மனிதச் சங்கிலியும் பெறாத ஒன்றை இது பெற்றது. நடுவண் அரசு உறுதிமொழியோடு நில்லாமல் செயலால் பதிலளித்தது. இரண்டாவது, கோரிக்கையின் தன்மை மாறியது. தொலைவில் நடக்கும் போரை நிறுத்துமாறு தில்லியை வேண்டுவதற்கு மாறாக, தம் ஊரில் தம் கண்முன் நடக்கும் செயல் ஒன்றுக்கு உடன்பட மறுப்பதாக அது அமைந்தது. மூன்றாவது, வெளியுறவு என்பது தலைநகரங்களில் மட்டும் நிகழ்வதன்று என்பதை அது வெளிப்படுத்தியது. சேலையூருக்கும் மேடவாக்கத்துக்கும் அருகில், பேருந்துகளும் புறநகர்த் தொடர்வண்டிகளும் மக்களை நாள்தோறும் சுமந்துசெல்லும் பகுதியில் உள்ள பயிற்சி வளாகமும் வெளியுறவின் ஒரு பகுதியே. ஒன்றியப் பட்டியலின் சொற்கள் மாநிலத்திற்கு அதிகாரம் தரவில்லை. ஆனால் அவ்வதிகாரத்தைச் செயற்படுத்தும் இடம் ஏதேனும் ஒரு மாநிலத்தின் மண்ணிலேயே அமைகிறது. இவ்வுண்மையை இயக்கம் தாம்பரத்தில் கண்டுகொண்டது.

இதன் குறையும் கருதத்தக்கது. பயிற்சி நிற்கவில்லை, இடம்தான் மாறியது. அண்டை மாநிலத்தில் அதற்கு எதிர்ப்பு எழவில்லை. போருக்கு எதிரான கோரிக்கை இந்திய மக்களின் பொதுக் கோரிக்கையாக விரியாமல் தமிழகத்தின் தனிக் கோரிக்கையாகவே நின்றது என்பதற்கு எலகங்கா சான்றாகும்.

7. மறுப்பின் அறவெல்லை

தாம்பரத்தில் கண்டுகொள்ளப்பட்ட வழி இரண்டே மாதத்தில் தன் எல்லையைக் கடந்தது. 2012 செப்டம்பர்த் தொடக்கத்தில் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஆட வந்த இலங்கைக் கால்பந்து அணியைத் திருப்பி அனுப்ப மாநில அரசு ஆணையிட்டது. அரங்கைப் பயன்படுத்த இசைவளித்த அலுவலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதே நாள்களில் பூண்டி மாதா, வேளாங்கண்ணித் திருத்தலங்களுக்கு வந்த இலங்கைப் பயணிகள் தஞ்சை, திருச்சிப் பகுதிகளில் போராட்டக்காரர்களின் எதிர்ப்புக்கும் தாக்குதலுக்கும் உள்ளாகிப் பாதுகாப்போடு திருப்பி அனுப்பப்பட்டனர். அப்பயணிகளுள் தமிழரும் இருந்தமை குறிப்பிடத்தக்கது.

படைப்பயிற்சியை மறுப்பதும் வழிபாட்டுப் பயணியை விரட்டுவதும் ஒன்றல்ல. முன்னது போர் செய்யும் நிறுவனத்திற்கு உதவ மறுக்கும் செயல். பின்னது ஒரு நாட்டின் குடிமக்களை அவர்தம் அரசின் செயலுக்குப் பொறுப்பாக்கித் தண்டிக்கும் செயல். இலங்கைப் போரில் பொதுமக்களுக்கும் போராளிகளுக்கும் இடையிலான வேறுபாடு அழிக்கப்பட்டது என்பதே இயக்கம் முன்வைத்த முதன்மைக் குற்றச்சாட்டு. அவ்வேறுபாட்டைத் தானே மறந்த தருணத்தில் அதன் அறவலிமை குன்றியது. வல்லுநர் குழு அறிக்கையில் அரசுப் படைகளைக் குறித்த பகுதிகளை விரிவாக எடுத்தாண்ட இயக்க எழுத்துகள், அதே அறிக்கையில் விடுதலைப் புலிகளைக் குறித்த பகுதிகளைப் பெரும்பாலும் கடந்து சென்றமையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. போரில் சிக்கிய மக்களின் பக்கம் நிற்பதே போர் எதிர்ப்பு எனில், அம்மக்களைத் தடுத்துவைத்த எத்தரப்பையும் அது கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

8. மாணவர் எழுச்சி, 2013

2013 பிப்ரவரியில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் பாலச்சந்திரன் பிரபாகரன் படையினரின் காவலில் அமர்ந்திருப்பதையும் பின் உயிரற்றுக் கிடப்பதையும் காட்டும் ஒளிப்படங்கள் வெளியாயின. மார்ச் 8 அன்று சென்னை இலயோலாக் கல்லூரி மாணவர்கள் எண்மர் கோயம்பேட்டில் காலவரையற்ற உண்ணாநிலை தொடங்கினர். சில நாள்களில் காவல்துறையினர் அவர்களை அப்புறப்படுத்தியது போராட்டத்தை மாநிலமெங்கும் பரப்பியது. கலை அறிவியல் கல்லூரிகள், பொறியியல் கல்லூரிகள், சட்டக் கல்லூரிகள் என வேறுபாடின்றி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். 2009இல் போலவே கல்லூரிகள் மூடப்பட்டன. ஆனால் 2009இல் போன்று போராட்டம் அதனால் அடங்கவில்லை.

இம்மாணவர்கள் கட்சித் தலைவர்களை மேடையேற்றுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். ஜெனீவாவில் முன்மொழியப்பட்ட தீர்மானம் போதாது எனக் கூறிப் பன்னாட்டு விசாரணையையும் பொதுவாக்கெடுப்பையும் கோரினர். விளைவுகள் விரைந்து தொடர்ந்தன. மார்ச் 19 அன்று தி.மு.க. நடுவண் கூட்டணி அரசிலிருந்து விலகியது. மார்ச் 21 அன்று இந்தியா மீண்டும் ஜெனீவாத் தீர்மானத்தை ஆதரித்தது. மார்ச் 27 அன்று சட்டமன்றம் பொதுவாக்கெடுப்புக் கோரித் தீர்மானம் இயற்றியது. 2008 அக்டோபரில் அனைத்துக் கட்சிகளும் அறிவித்துக் கைவிட்ட அரசியல் விலகலை, 2013 மார்ச்சில் கட்சி சாராத மாணவர் போராட்டத்தின் அழுத்தம் நிகழச் செய்தது. அவ்வாண்டு நவம்பரில் கொழும்பில் நடைபெற்ற பொதுநலவாய மாநாட்டில் பிரதமர் மன்மோகன் சிங் பங்கேற்கவில்லை.

9. எச்சங்கள்

இயக்கத்தின் எச்சங்களை மூன்று தளங்களில் காணலாம். முதலாவது நினைவுத் தளம். தஞ்சாவூர் அருகே விளாரில் 2013 நவம்பரில் முள்ளிவாய்க்கால் நினைவு முற்றம் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் அதன் சுற்றுச்சுவர் அரசால் இடிக்கப்பட்டது. சென்னையில் மே 17 இயக்கம் ஆண்டுதோறும் நடத்திய நினைவேந்தல், 2017இல் அதன் ஒருங்கிணைப்பாளர்கள் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாகும் நிலைக்குச் சென்றது. சட்டமன்றத்தில் தீர்மானம் இயற்றிய அரசே தெருவில் நினைவுகூர்தலைத் தடுத்தமை, இரங்கலையும் அரசே வரையறுக்க விரும்புவதைக் காட்டுகிறது.

இரண்டாவது அமைப்புத் தளம். கட்சிக்கொடியைத் தவிர்த்து, கல்லூரிகளைத் தொடர்புக் கண்ணிகளாகக் கொண்டு, தலைமையின்றித் திரளும் வடிவம் 2013இல் பழகிய ஒன்றாயிற்று. 2017 ஜனவரியில் மெரினாவிலும் பிற ஊர்களிலும் சல்லிக்கட்டுக்காகத் திரண்ட கூட்டத்தில் அவ்வடிவத்தின் கூறுகளைக் காணலாம். இரண்டின் நோக்கங்களும் வேறு. எனவே ஒன்றிலிருந்து மற்றொன்று நேராக விளைந்தது எனக் கூறுவது மிகையாகும்.

மூன்றாவது கூட்டாட்சித் தளம். இந்தியா 2014 மார்ச்சில் ஜெனீவாத் தீர்மான வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாது விலகி நின்றது. மாநிலத்தின் அழுத்தம் நிலையான வெளியுறவுக் கொள்கையாக மாறவில்லை என்பதற்கு இது சான்று. ஆயினும் வெளியுறவில் மாநில மக்களுக்குச் சொல்வதற்கு ஒன்று உண்டு என்னும் கருத்து நிலைபெற்றுவிட்டது. அதன் எதிர்பாராத வெளிப்பாடு 2022இல் நிகழ்ந்தது. இலங்கை கடும் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றம் உணவுப்பொருள் அனுப்ப நடுவண் அரசின் இசைவு கோரித் தீர்மானம் இயற்றியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள் ஆகியவை அனுப்பத் திட்டமிடப்பட்டன. தமிழருக்கு மட்டுமன்றி இலங்கை மக்கள் அனைவருக்குமான உதவி அது. முதற் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து மே 18 அன்று புறப்பட்டது. முள்ளிவாய்க்கால் நினைவு நாளும் அதுவே.

10. முடிவுரை

2008–2013 காலப் போர் எதிர்ப்பு இயக்கம் போரை நிறுத்தவில்லை. கட்சிகளின் வழியே நடுவண் அரசிடம் கோரிக்கை வைத்த கட்டத்தில் உறுதிமொழிகளை மட்டுமே பெற்றது. தன் மண்ணில் படைப்பயிற்சிக்கு உடன்பட மறுத்தபோது, சிறிய அளவிலேனும், அரசின் செயலை மாற்றியது. இப்புரிதலின் தொடக்கம் தாம்பரம். மறைமலைநகரும் செங்கல்பட்டும் அதற்கு முன்னோடிகள்.

மறுப்பு யாரை நோக்கியது என்பதே அவ்வழியின் அறத்தைத் தீர்மானிக்கிறது. விமானப்படைத் தளத்தின் வாயிலில் அது போரை மறுத்தது. பூண்டி மாதா கோவிலின் வாயிலில் அது மனிதரை மறுத்தது. பத்தாண்டுக்குப் பின் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசி ஏற்றிச் சென்ற கப்பல், இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கும் ஆற்றலைத் தமிழகம் இழந்துவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. போர் எதிர்ப்பு இயக்கங்களின் வரலாற்றை அவை நிறுத்திய போர்களைக் கொண்டு மட்டும் எழுதினால் பெரும்பாலானவை தோல்வியின் பட்டியலில் சேரும். எந்தச் செயலுக்கு உடன்பட மறுத்தன, அம்மறுப்பை எந்த எல்லையில் நிறுத்தக் கற்றன என்பவற்றைக் கொண்டு அவற்றை மதிப்பிடுவதே பொருத்தமாகும்.